கடலில் களை பறிக்க முடியுமா?

கேள்வி: மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளத்தின் மேல் படரும் அந்நியப் பாசியை ஆள் வைத்துக் கையால் பறிக்கிறார்களாமே, பயன் உண்டா?
– வாசகி, கோட்டூர்புரம்

பதில்: உண்டு. ஆனால் ஒருமுறை பறித்துவிட்டுக் கரையேறினால் அத்தனையும் வீண். கப்பாஃபைகஸ் என்ற அந்தப் பாசி பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்தது. ஐஸ்கிரீமுக்குக் கெட்டித்தன்மை தரும் கராஜீனன் அதிலிருந்து கிடைப்பதால் மண்டபம் பகுதிக்கு வளர்ப்புக்காகக் கொண்டுவந்தார்கள். குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பாய் விரித்ததுபோல் மூடி வெயிலை மறைத்துவிடும். பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிக்கோ வெயில்தான் எல்லாம். பறிக்கையில் ஒடிந்த சிறு துண்டு தங்கினாலும் மறுபடி தழைக்கும். அதனால் திரும்பத் திரும்ப இறங்கித்தான் ஆக வேண்டும்.

பாசி மட்டுமல்ல, வெளியிலிருந்து வந்த விலங்கும் இப்படித்தான்: அந்தமானில் ஆங்கிலேயர் விட்ட புள்ளிமான்கள், அடித்துத் தின்னப் புலி இல்லாமல் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து வருகின்றன. தீவுகளில் வந்தேறியை வெளியேற்றுவது எங்கேயும் கடினம்.

இந்தப் பாசி வளர்ப்பை நம்பி ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் பலர் பிழைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது அநியாயம். பாசி வளர்க்கும் மிதவைகளை மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளிலிருந்து தள்ளி வைக்கட்டும். மரிக்கொழுந்துப் பாசி போன்ற நம் கடலின் இனங்களை வளர்க்க அரசு அவர்களுக்குக் கைகொடுக்கட்டும்.