பந்தம் என்னும் முதல் வழு

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அதற்கு நேரும் அதிசாரங்களை, அதாவது வழுக்களை, உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஐந்தாக வகுத்தார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கொலை விரதத்தையே அழித்துவிடும். ஆதலின் அது இவ்வரிசையில் இல்லை. 'நாம் கொல்லவில்லையே' என்று அமைதி கொள்வோரும் செய்யக்கூடியவையே இவ்வைந்தும். அவற்றுள் முதலில் நிற்பது கட்டிவைத்தலாகிய பந்தம்.

சூளகிரி, ஓசூர் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தினர் பிள்ளைகளுடன் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவிற்குச் செல்வதுண்டு. அங்கே கரடிகளுக்கான மீட்பு மையம் ஒன்று உள்ளது. தெருவில் ஆடிய கரடிகளுள் நாட்டின் கடைசிக் கரடி என்று கூறப்பட்ட ராஜு, 2009ஆம் ஆண்டில் அங்குக் கொண்டுவரப்பட்டது.

அந்த வித்தையில் ஐந்து வழுக்களும் ஒருங்கே இருந்தன. குட்டியின் மூக்கைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளைத்துக் கயிறு கோத்தனர்; பற்களைப் பிடுங்கினர்; கோலால் அடித்துப் பழக்கினர். மோப்பத்தால் கரையானைத் தேடியுண்ணும் உயிர் அது. அதன் இயல்புணவு அதற்குக் கிட்டவில்லை. நாள்தோறும் பின்னங்கால்களில் நின்றது மிகைபாரம். கயிற்றை மேலே இழுக்க, வலி பொறாது அது எழுந்தது. அதனையே நடனம் என்று மக்கள் கைதட்டினர்.

மீட்பு மையத்திலும் வேலி உண்டே என்று வினவலாம். பல்லிழந்த கரடி காட்டில் பிழைக்காது. ஆகவே அவ்வேலி கரடியின் நலத்திற்கானது. வித்தைக்காரரின் கயிறோ காண்போரின் களிப்பிற்கானது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு உணர்த்துதல் வேண்டும்.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். கூண்டுக்கிளிக்குப் பாலும் பழமும் தருகிறோம், அடிப்பதில்லை என்பர் சிலர். நான்கு வழுக்கள் நீங்கினும் முதல் வழு நீங்கவில்லை. நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுதலும் தக்கதன்று. அவ்விலையே அடுத்த கிளிக்கு வலை விரிக்கும்.

உயிரை வினை பிணிப்பதற்கும் பந்தம் என்றே பெயர். தன் பந்தம் அறுக்க விழையும் உயிர், பிறிதோர் உயிரைப் பொழுதுபோக்கிற்காகப் பிணித்தல் தகுமோ?

பிள்ளைகளிடம் கேட்க: வீட்டில் கட்டப்பட்டோ அடைக்கப்பட்டோ உள்ள உயிர் எது? அக்கட்டு அதன் நலத்திற்கா, நம் களிப்பிற்கா?