பதம் அறிந்து சூடு வைப்போம்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அதற்கு அப்பால் நெய்யாற்றின்கரை. இது கேரளத்தின் தெற்கு எல்லை. இங்கே தமிழும் பேசுவார்கள், மலையாளமும் பேசுவார்கள். பனைத் தொழிலும் இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்ததுதான்.

அக்கானி காய்ச்சுகிறவர்கள் பதம் பார்ப்பார்கள். சூடு போதாவிட்டால் கருப்பட்டி இறுகாது. சூடு மிஞ்சினால் பாகு கரிந்துவிடும். பிளாஸ்டிக் குழாய் செய்யவும் இதே போல் பதம் வேண்டும்.

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் கறுப்புக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அது பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது.

எந்திரம் எப்படி வேலை செய்கிறது?

எந்திரத்தின் வாயில் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டுவார்கள். உள்ளே நீண்ட இரும்புக் குழல் உண்டு. அதன் பெயர் பேரல். பேரலுக்குள் ஒரு பெரிய திருகு சுழலும். அது மணிகளை முன்னே தள்ளும். பேரலைச் சுற்றி ஹீட்டர்கள் இருக்கும். மணிகள் உருகிப் பாகு ஆகும். பாகு ஓர் அச்சு வழியாகக் குழாயாக வெளியே வரும். அந்த அச்சின் பெயர் டை. வெளியே வந்த குழாய் தண்ணீரில் குளிர்ந்து இறுகும்.

எவ்வளவு சூடு வேண்டும்?

தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். மென்மையான பாலிஎத்திலீன் சுமார் 110 டிகிரியில் உருகும். ஆனால், உருகினால் மட்டும் போதாது. பாகு நன்றாக ஓட வேண்டும். அதனால் வாய்ப்பக்கம் சுமார் 150, நடுவில் 170, டையில் 180 டிகிரி என்று வைப்பார்கள்.

வாய்ப்பக்கம் ஏன் குறைவு? அங்கே சூடு அதிகமானால் மணிகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். திருகால் தள்ள முடியாது.

மணியின் வகைக்கு ஏற்ப சூடு மாறும். மணி தயாரிப்பவர் தரும் தாளில் அளவு இருக்கும். அதைப் படித்த பிறகே சூடு வைக்க வேண்டும்.

சூடு தவறினால் என்ன ஆகும்?

சூடு குறைந்தால் குழாய் சொரசொரப்பாக வரும். உருகாத மணிகள் தெரியும். சூடு மிஞ்சினால் புகை வரும். குழாய் தொய்ந்து வடிவம் கெடும். அப்போது 5 டிகிரி மட்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். சற்று நேரம் பொறுத்து, மீண்டும் குழாயைப் பார்க்க வேண்டும்.

பி.வி.சி. என்பது வேறு வகை பிளாஸ்டிக். அது கருகினால் அமில வாயு வரும். கண் எரியும், தொண்டை கரிக்கும். உடனே சூட்டைக் குறைத்து, காற்றோட்டமான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

கவனம்!

பேரல் முழுதும் சூடேறும் முன் திருகைச் சுழற்றக் கூடாது. உள்ளே பிளாஸ்டிக் கல் போல் இறுகி இருக்கும். திருகு முறியலாம். டைக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. அழுத்தம் கூடினால் கொதிக்கும் பாகு தெறிக்கும்.

பேரலின் சூட்டை அறிய ஓர் உணர்கம்பி உண்டு. அது குழியிலிருந்து நழுவினால் மீட்டர் குறைவாகக் காட்டும். ஹீட்டரோ சுட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே தினமும் கம்பியைப் பார்க்க வேண்டும். எண்ணையும் பார்க்க வேண்டும். குழாயையும் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் தொழிலில் பயிற்சி தர மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம் இருக்கிறது. அது 1968-இல் சென்னையில் தொடங்கியது. கொச்சியிலும் அதற்கு மையம் உண்டு.

விடை சொல்லுங்கள்

1. வாய்ப்பக்கம் சூடு குறைவாக இருப்பது ஏன்?
2. உணர்கம்பி நழுவினால் என்ன ஆகும்?
3. டைக்கு எதிரே ஏன் நிற்கக் கூடாது?