டிப்டி என்பவர் யார்?

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் பொருளறிந்து பயன்படுத்த வேண்டிய ஆங்கிலச் சொற்களுள் ‘டிப்டி’ என்பது ஒன்று. டிப்டி கலெக்டர், டிப்டி தாசில்தார், டிப்டி ரிஜிஸ்திரார் என நம் முன்னோர் நாவில் நெடுங்காலம் பயின்ற சொல் இது. இன்று துணை ஆட்சியர், துணை வட்டாட்சியர், துணைப்பதிவாளர் என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பு நன்றே. ஆயினும், முன்னாளில் உபதலைவர் எனப்பட்ட ‘வைஸ் பிரசிடெண்டை’யும் நாம் துணைத் தலைவர் என்றே வழங்குகிறோம். ஆங்கிலத்தில் வேறுவேறாக நிற்கும் இரு சொற்கள் தமிழில் ஒரே ‘துணை’யாகிவிட்டன. இதனால் இரண்டாம் இடத்தில் இருப்போர் அனைவர்க்கும் அதிகாரம் ஒரே வழியில் வருவதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் சங்கத்தின் அலுவலில் இடர் விளைக்கக்கூடும். ஆகவே இவ்விரு சொற்களையும் பிரித்து அறிவோம்.

வைஸ்

இது இலத்தீன் மொழியிலிருந்து வந்த முன்னொட்டு. ‘ஒருவருடைய இடத்தில்’ என்பது அதன் பொருள். தீயொழுக்கத்தைக் குறிக்கும் வைஸும், பட்டறையில் இரும்பைப் பற்றிப் பிடிக்கும் வைஸும் ஒலியால் ஒத்தவையேயன்றி, வேரால் வேறானவை.

வைஸ் பிரசிடெண்ட் என்பவர் தலைவரின் இடம் வெறுமையானால் அவ்விடத்தில் நிற்பதற்கென்றே முன்கூட்டித் தேர்ந்து வைக்கப்பட்டவர். 1969ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். துணைத் தலைவராக இருந்த வி. வி. கிரி அன்றே குடியரசுத் தலைவரின் பணியை ஏற்றார். அவரை எவரும் புதிதாக நியமிக்க வேண்டியிருக்கவில்லை. அரசியலமைப்பின் 65ஆம் பிரிவே அதற்கு வழி செய்திருந்தது.

இக்கருத்து தென்காசி மக்களுக்குப் புதிதன்று. காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோபுரத் திருப்பணி அவன் காலத்தில் நிறைவுறவில்லை. அவனுக்குப்பின் தம்பி குலசேகர பாண்டியன் அதனை நிறைவேற்றினான். முதல்வன் விட்ட இடத்தில் அடுத்தவன் நின்று பணியைத் தொடர்வதே இரண்டாம் இடத்தின் பெருமை.

டிப்டி

இச்சொல்லும் இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. ‘ஒரு பணிக்கென ஒருவரைக் குறித்து அமர்த்துதல்’ என்பது இதன் அடிப்படைப் பொருள். டிப்டி என்பவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அளவுக்கே அதிகாரம் உடையவர். அவ்வளவுக்கு மேல் அவர் செய்வது செல்லாது. அதனைக் குறைத்துக் கொள்ளவும் மேலிடத்தால் இயலும்.

டிப்டி பிரதம மந்திரி என்னும் பதவி இதற்கு நல்ல சான்று. 1947 முதல் 1950 வரை சர்தார் பட்டேல் அப்பெயருடன் பணியாற்றினார். எனினும் அரசியலமைப்பில் அப்படியொரு பதவி இல்லை. 1989இல் தேவிலால் துணைப் பிரதமர் என்று கூறிப் பிரமாணம் எடுத்தபோது வழக்கு எழுந்தது. அவர் மற்ற அமைச்சரைப் போன்ற ஓர் அமைச்சரே. ‘துணைப் பிரதமர்’ என்பது விளக்கப் பெயரேயன்றிப் பிரதமரின் அதிகாரத்தைத் தருவதன்று என உச்ச நீதிமன்றம் 1990இல் தெளிவுபடுத்தியது.

பெயரை மட்டும் நம்பலாமா?

நம்புதல் ஆகாது. மக்களவையின் டிப்டி சபாநாயகரைப் பாருங்கள். பெயரில் டிப்டி எனினும், சபாநாயகர் பதவி காலியாகும்போது அரசியலமைப்பின் 95ஆம் பிரிவின்படி அவரே அக்கடமைகளைச் செய்கிறார். பல்கலைக்கழக வைஸ் சான்சலரோ, பெயரால் இரண்டாமவர். அன்றாட நிர்வாகத்தில் முதல்வர். ஆகவே சொல்லின் பொருளை அறிவது முதற்படி. அப்பதவிக்கு உரிய விதியைப் படிப்பது இரண்டாம் படி. ஒருவருக்கு அதிகாரம் தருவது பலகையில் எழுதிய பெயரன்று, விதியே.

நமது சங்கத்தில்

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 1988இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி பதிவாளரின் அதிகாரங்கள் முழுவதையுமோ சிலவற்றையுமோ பிற அலுவலருக்கு அரசு வழங்கலாம். துணைப்பதிவாளர் ஆணையிடுவது அவ்வாறு வழங்கப்பட்ட அதிகாரத்தைக் கொண்டே. நெசவாளர் சங்கங்களுக்குப் பதிவாளர் பொறுப்பைக் கைத்தறித் துறை இயக்குநர் வகிக்கிறார். எனவே விவசாயக் கடன் சங்கத்தார் செல்லும் அலுவலகம் வேறு, நெசவாளர் செல்லும் அலுவலகம் வேறு. மனு எழுதுமுன் எந்த அலுவலருக்கு அவ்விஷயத்தில் அதிகாரம் உண்டு எனக் கேட்டறிக. அதிகாரமில்லாதவரின் மேசையில் கிடக்கும் மனுவால் காலவரையறை கடந்துபோகக்கூடும்.

துணைத் தலைவரின் நிலை வேறு. நிர்வாகக் குழு உள்ள சங்கத்தில் தலைவரையும் துணைத் தலைவரையும் அக்குழுவினரே தேர்ந்தெடுக்கின்றனர். குழு இல்லாத காலத்தில் தனி அலுவலர் நிர்வகிப்பார். அப்போது ‘துணை’ என்னும் பேச்சுக்கே இடமில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிச் சிற்றாற்றில் நீர் பெருகுகிறது. கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவ வேண்டும். பயிர்க் கடன் உடனே தேவை. மற்றோர் ஊரில் நெசவாளர் நெய்து கொடுத்த சேலைக்குக் கூலி பெறக் காத்திருக்கின்றனர். இவ்வேளையில் தலைவர் மருத்துவமனையில் இருக்கிறார். துணைத் தலைவர் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கத் துணைவிதி இடமளித்து, குறைந்தபட்ச வருகையும் இருந்தால் தீர்மானம் நிறைவேறலாம். ஆனால் காசோலை? தலைவரின் கையொப்பம் வேண்டிய சங்கமாயின், அவருக்குப் பதிலாகத் துணைத் தலைவர் கையொப்பமிடலாம் என்ற தீர்மானமும், அவருடைய மாதிரிக் கையொப்பமும் வங்கியில் முன்பே இருந்தாலன்றிப் பணம் வாராது. நாற்று காத்திராது, அடுப்பும் காத்திராது.

ஆதலால், தலைவர் நலமாக இருக்கும்போதே இவ்வேற்பாட்டைச் செய்து வைப்பதுதான் அறிவுடைமை. அது அவர்மீது நம்பிக்கையின்மையைக் காட்டுவதன்று. சங்கம் ஒருவரது உடல்நலத்தை மட்டும் சார்ந்து நிற்பதன்று என்பதையே அது காட்டும்.

பயிற்சி

அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் துணைவிதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, பின்வரும் வினாக்களுக்கு விடை காண்பார்களாக:

1. தலைவர் ஊரில் இல்லாதபோது அவர் பணிகளுள் எவற்றைத் துணைத் தலைவர் செய்யலாம் என்று கூறப்பட்டுள்ளது?

2. காசோலையில் கையொப்பமிட யார் யாருக்கு அதிகாரம் உண்டு? அவர்களுடைய மாதிரிக் கையொப்பங்கள் வங்கியில் உள்ளனவா?

3. தலைவர், துணைத் தலைவர் இருவரும் வரவில்லையெனில் கூட்டத்தை நடத்துபவர் யார்?

மூன்றனுள் ஒன்றுக்கேனும் விடை கிடைக்கவில்லையாயின், அடுத்த பேரவைக் கூட்டத்தில் அதனை எழுப்புவது அங்கத்தினரின் உரிமை, கடமையும் ஆகும்.