மின்காந்த அலைகள்: ரியூனருக்கு அன்டனா கேபிள் இணைத்தல்

மாணவர்களே, கல்பிட்டி, முந்தல், உடப்புப் பக்கத்து வீடுகளில் உயரமான இரும்புக் குழாயின் உச்சியில் தொலைக்காட்சி அன்டனா நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் கேபிளை வீட்டு ஹை-ஃபை செட்டின் ரியூனருக்கும் கொடுக்கலாமா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல வினா.

முதலில் ஒரு பிழையைத் திருத்துவோம். வானொலி அலை ஒலி அலை அன்று. அது மின்காந்த அலை. கணிப்பில் 330 ஐப் பிரதியிட்டுப் புள்ளியை இழப்போர் இன்றும் உளர். வளியில் அதன் வேகம் செக்கனுக்கு 3 × 10⁸ மீற்றர்.

வினா: 100 மெகா ஹேர்ட்ஸ் எப்.எம். அலையின் அலைநீளம் யாது?
விடை: அலைநீளம் = வேகம் ÷ மீடிறன் = (3 × 10⁸) ÷ (100 × 10⁶) = 3 மீற்றர்.

இதன் அரைவாசி 1.5 மீற்றர். எப்.எம். அன்டனாக் கோல் ஏறத்தாழ இந்நீளத்தில் இருப்பது இதனாலேயே. நம்மூர்ப் பெரியவர்கள் பலர் கேட்டிருக்கும் தூத்துக்குடி வானொலியின் மத்திய அலை 1053 கிலோ ஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 285 மீற்றர். அதில் அரைவாசிக் கோலை எந்தக் கூரையில் நிறுத்துவது? ஆகவே மத்திய அலைக்கு ரியூனரில் வேறாக ஒரு வளைய அன்டனா உண்டு. கூரைக் கேபிள் எப்.எம். இற்கு மட்டுமே.

கல்பிட்டியிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 190 கிலோமீற்றர். உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால் மத்திய அலை கடற்பரப்பை ஒட்டியே வந்து சேரும். எப்.எம். பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. புவியின் வளைவு மறைத்துவிடும். எனவே உயரம் முக்கியம். (காற்றில்லாத சில நாட்களில் கடல்மேல் வளிப்படைகள் அலையை வளைப்பதால் இந்திய எப்.எம். உம் கேட்கும். அதை நம்பிக் கேபிள் வாங்க வேண்டாம்!)

ரியூனரின் பின்புறத்தில் எப்.எம். 75 ஓம் எனக் குறித்த துளையில் கேபிளைச் செருகுக. தொலைக்காட்சிக் கேபிளும் 75 ஓம் தான். இரண்டுக்கும் பகிர ஸ்பிளிற்றர் தேவை. ஒவ்வொன்றுக்கும் பாதிக்குச் சற்றுக் குறைந்த வலுவே கிடைக்கும். கம்பிகளை முறுக்கிச் சேர்த்தால் அலை தெறித்துத் திரும்பும்.

கவனிக்க: டிஷ் கேபிளை ஒருபோதும் ரியூனருக்குக் கொடுக்காதீர்கள். அதில் 13 அல்லது 18 வோல்ற்று மின் செல்கிறது, எப்.எம். அலையோ அதில் இல்லை. பூஸ்டர் இருந்தால், அதற்கு மின் கொடுக்கும் பெட்டிக்குப் பின்னரே பிரிக்க வேண்டும்.

கடற்காற்றில் செம்புக் கம்பி பச்சை பிடிக்கும். ஒலி இரைந்தால் செட்டைக் குறைகூறுமுன் மூட்டைச் சுரண்டிப் பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மின்னல் அதிகம். முழக்கம் நெருங்குமுன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். முழங்கத் தொடங்கிய பின் தொட வேண்டாம்.

பயிற்சி: ஓர் அன்டனாக் கோலின் நீளம் 0.75 மீற்றர். இது அரை அலைநீளமாயின் மீடிறன் யாது? அது 88–108 மெகா ஹேர்ட்ஸ் எப்.எம். பட்டையில் அடங்குமா?