இணைய இணைப்பின் வேகத்தை அளத்தல்

பண்டத்தின் எடையைத் தராசு காட்டும். பாலின் தரத்தைப் பால்மானி காட்டும். மாதந்தோறும் கட்டணம் செலுத்திப் பெறும் பிராட்பேண்ட் இணைப்பின் தரத்தை எங்ஙனம் அறிவது? விற்பவர் கூறும் அளவு ஒன்றையே நம்பியிருப்பின் வாங்குபவரின் ஐயம் தீராது. பொதுவான அளவுகோல் ஒன்று தேவை. இத்தேவையை முன்னிட்டு, 2009-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்களும் கூகிள் உள்ளிட்ட நிறுவனங்களும் கூடித் தொடங்கியதே 'மெஷர்மென்ட் லேப்' என்னும் திறந்த ஆராய்ச்சி அமைப்பாகும்.

அளக்கும் முறை

இவ்வமைப்பின் சர்வர்கள் பல நாடுகளில் உள்ளன. அவை சேவை நிறுவனத்தின் வலைக்குள் அல்லாமல், பல வலைகள் கூடும் இடங்களில் வைக்கப்படுகின்றன. சோதனையின்போது சுமார் 10 விநாடி தரவு இறக்கப்படுகிறது. பின்னர் 10 விநாடி ஏற்றப்படுகிறது. இறக்க வேகம், ஏற்ற வேகம், தாமதம் ஆகியவை கிடைக்கின்றன. சோதனையின் நிரல்களும் முடிவுகளும் யாவரும் ஆராயுமாறு வெளியிடப்படுகின்றன. முறை மறைவாயிருப்பின் முடிவைச் சரிபார்க்க இயலாது என்பதே இதன் அடிப்படைக் கருத்தாகும்.

வேகமும் தாமதமும்

வேகம் மெகாபிட்டிலும், கோப்பின் அளவு மெகாபைட்டிலும் குறிக்கப்படும். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 30 மெகாபைட் பாடப்படம் 240 மெகாபிட் ஆகும். இந்தியாவில் பிராட்பேண்டுக்குரிய குறைந்த அளவு விநாடிக்கு 512 கிலோபிட்டாக இருந்தபோது, அவ்வேகத்தில் இதனை இறக்க ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். 2023 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்ட 2 மெகாபிட் வேகத்தில் 2 நிமிடம் போதும்.

தாமதம் வேறு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 200 கிலோமீட்டர் சென்று மீள 2 மில்லி விநாடி போதும். அத்தொலைவுக்கு 60 மில்லி விநாடி ஆயின், எஞ்சியது பெரும்பாலும் சுற்றுவழியாலும் நெரிசலாலும் நேர்வதாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையிலுள்ள பலமனேரில் ஒரு பள்ளி 100 மெகாபிட் இணைப்புப் பெற்றுள்ளது எனக் கொள்வோம். வகுப்பறைக் கைப்பேசியில் 20 மெகாபிட்டே காட்டுகிறது. உடனே நிறுவனத்தைக் குறை கூறுதல் தகாது. கணினியை மோடத்துடன் கம்பியால் இணைத்து, பிற கருவிகளை நிறுத்தி, மீண்டும் அளத்தல் வேண்டும். அப்போது 90 காட்டினால், குறை பள்ளியின் வைஃபையிலேயே உள்ளது. காலையில் 90-உம் மாலையில் 20-உம் காட்டினால், நெரிசலே காரணமாகலாம். எந்நேரமும் 20 எனில், இணைப்பிலேயே பழுதிருக்கலாம். தேதியும் நேரமும் குறித்த ஒரு வாரப் பதிவுடன் முறையிடலாம். சோதனைக்குச் சோதனை முறை வேறுபடுமாதலின், ஒரே சோதனையின் முடிவுகளையே ஒப்பிடுதல் நலம்.

கவனிக்க வேண்டியவை

100 மெகாபிட் வேகத்தில் 10 விநாடி இறக்கம் 125 மெகாபைட்டைச் செலவிடும். அளவான தரவுத் திட்டத்தில் இதனை நினைவிற்கொள்க. இணைப்பின் ஐ.பி. முகவரியும் முடிவுடன் வெளியாகுமாதலின், பிறர் வீட்டில் அளக்குமுன் அவர் இசைவைப் பெறுதல் வேண்டும்.

நம் நாட்டில் கைப்பேசி இணையத்தை அளக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் 'மைஸ்பீடு' செயலியை வெளியிட்டது. ஆந்திர மாநில ஃபைபர்நெட் திட்டம் 2017 டிசம்பரில் தொடங்கப்பட்டு, மின்கம்பங்கள் வழியே கண்ணாடி இழை ஊர்களுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இழை வந்தது என்பது ஒன்று. அதன் வழியே பாடம் தடையின்றி வருகிறதா என்பது மற்றொன்று. நகரத்தார் மட்டுமே அளந்தால், ஆராய்ச்சியில் நகரத்தின் நிலையே தெரியும். ஊழியரும் ஆசிரியரும் முறைப்படி அளந்தால்தான் சிற்றூரின் குறையும் கணக்கில் ஏறும்.