கர்ப்பப்பை வாய்ப் புற்று: அணுவைப் பார்த்து இனமறியும் விதம்



மிளகு மூட்டையில் பப்பாளி விதை கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஒரு கைப்பிடி அள்ளி வெளிச்சத்தில் பரப்பிப் பார்க்கிறோம். மேலுக்கு இரண்டும் கறுப்புத்தான். கூர்ந்து நோக்குபவனுக்கே பேதம் தெரியும். ஜீவ அணுக்களைப் பார்த்து நோயைப் பிரிக்கும் நிபுணரின் வேலையும் ஏறக்குறைய இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் என் லாத்தாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்றார்கள். "எந்த இனம் என்று தெரிய இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்" என்றார் டாக்டர். நோய் உண்டென்று தெரிந்த பின் இனம் எதற்கு என்று நான் கோபித்துக் கொண்டேன். அது என் அறியாமை. பின்னர் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

பாப் ஸ்மியர் என்னும் சோதனை, 1883-ல் கிரேக்க நாட்டில் பிறந்த ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்பவரின் பெயரைக் கொண்டது. 1928-லேயே அவர் இதைச் சொன்னார், மதிப்பார் அதிகமில்லை. 1941-ல் டிராட் என்ற டாக்டருடன் சேர்ந்து எழுதிய பிறகே உலகம் செவிசாய்த்தது. கர்ப்பப்பை வாயில் சிறிது வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே முறை.

இப்புற்றுகளில் பெரும்பாலானவை தட்டையான மேல்தோல் அணுக்களில் உண்டாகின்றன. அடுத்தபடி, சுரப்பி அணுக்களில். இவற்றுக்கிடையே அபூர்வமான இனங்கள் சில உண்டு.

முதலாவது, சிற்றணுப் புற்று. நூற்றில் ஒன்றிரண்டே காணப்படும். அணு மிகச் சிறியது, முக்கால்வாசியும் கருவே. கட்டியாய் அடைத்த பேரீத்தம்பழம் போல் ஒன்றையொன்று நெருக்கி வடிவம் மாறியிருக்கும். கருவினுள் உப்பும் மிளகும் தூவினாற்போல் புள்ளிகள். டாக்டர்களே சொல்லும் உவமை இது! அசந்தால், சாதாரண அழற்சியில் வரும் வெள்ளை அணுக்கள் என்று எண்ணிவிடக் கூடும்.

இரண்டாவது, தெளிவணுப் புற்று. கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சத்து நிறைந்து அணு வெளிறித் தெரியும். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்தில் உட்கொண்ட தாய்மாரின் பெண்மக்களுக்கு, பிறப்புறுப்பில் இவ்வின நோய் வருவதை 1971-ல் பாஸ்டன் நகர டாக்டர்கள் வெளியிட்டனர்.

மூன்றாவது, இரைப்பைச் சாயல் கொண்டது. மஞ்சளித்த சளி நிறைந்த அதன் அணுக்கள் சில வேளை நல்லவை போலவே தோன்றும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு எச்.பி.வி. என்னும் வைரஸ் காரணம். இதற்கு அது காரணமன்று. ஆகவே வைரஸைத் தேடும் சோதனையில் இது தப்பிவிடலாம்.

பூசிப் பார்த்த அணு சந்தேகத்தை எழுப்பும். சதைத் துண்டெடுத்து, தனிச் சாயங்களிட்டுப் பார்த்தே முடிவு கட்டுவர். டாக்டர் ஒரு வாரம் கேட்டது அதற்கே.

இனமறிவதன் பயன் யாது? சாதாரண வகையைத் தொடக்கத்தில் கண்டால் பல சமயம் அறுவையே போதும். சிற்றணு வகையோ விரைந்து பரவுவது; கட்டி சிறிதாயினும் மருந்தேற்றும் சிகிச்சையும் சேர வேண்டும். லாத்தாவுக்கு வந்தது அதுவே. இனம் தெரிந்து சிகிச்சை செய்ததால், அதன்பின் மூன்று நோன்புப் பெருநாள்களை எங்களோடு கண்டார்.

சிங்கப்பூரில் 25 முதல் 29 வயது வரை மூன்றாண்டுக்கொரு முறை பாப் ஸ்மியரும், 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கொரு முறை எச்.பி.வி. சோதனையும் செய்யச் சொல்கிறார்கள். சோதனை சுத்தம் என்று வந்தாலும், மாதவிடாய் நின்றபின் உதிரமோ, ஓயாத நீர்க்கசிவோ கண்டால் தாமதிக்கலாகாது.

பெண்கள் வெட்கத்தால் சொல்ல மாட்டார்கள். மாதந்தோறும் கடைக் கணக்கைச் சரிபார்க்கும் நாம், வீட்டில் இதை ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா?