கண்ணும் பத்தியமும்



எமது குடும்பங்களில் நீரிழிவும் இருதய நோயும் பெருகி வருவதை நாம் எல்லோரும் அறிவோம். தென்னாசியரிடம் குறைந்த உடற்பருமனிலேயே நீரிழிவு தலைகாட்டுகிறது. இதனாற்றான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல், உடற்திணிவுச் சுட்டெண் 25 ஐ எட்டும்வரை காத்திராமல் ஆசிய மக்கள் 23 இலேயே கவனங்கொள்ள வேண்டும் என்றது.

வைத்தியர் சொல்லி உணவைக் குறைக்கத் தொடங்குவோர் எம்மிடையே பலர். நிலைத்து நிற்போர் சிலர். மற்றவர்களை "மனக்கட்டுப்பாடு இல்லாதவர்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இது நியாயமா என்பதை இங்கு நோக்குவோம்.

கண் முதலில் உண்கிறது

உணவு வாயில் படுமுன்பே, கண்ட மாத்திரத்தில் உமிழ்நீரும் இரைப்பை நீரும் சுரக்கின்றன. இதனை நாய்களில் ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், சமிபாடு பற்றிய தமது ஆய்வுகளுக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்றார். பசி வயிற்றில் மட்டும் தொடங்குவதில்லை என்பது இதன் பொருள்.

1968 இல் ரிச்சர்ட் நிஸ்பெட் என்பவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். சிலருக்கு ஒரு சான்ட்விச்சும் சிலருக்கு மூன்றும் மேசையில் வைக்கப்பட்டன. மேலும் வேண்டுமானால் குளிர்சாதனப்பெட்டியில் எடுக்கலாம் என்றும் கூறப்பட்டது. சாதாரண எடையுள்ளவர்கள் இரு வகையிலும் ஏறக்குறைய ஒரே அளவு உண்டனர். பருமனானவர்களோ மூன்று இருந்தபோது கூடவும், ஒன்று இருந்தபோது குறைவாகவும் உண்டனர். கண்ணில் பட்டதே அவர்களுக்கு அளவாயிற்று.

"இனி என்ன" என்ற எண்ணம்

1975 இல் ஹேர்மன், மாக் ஆகிய இருவர் மாணவிகளிடம் நடத்திய ஆய்வு இன்னொரு உண்மையைக் காட்டியது. முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பின்னர் ஐஸ்கிரீமைச் சுவைபார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்தனர். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ கூடுதலாக உண்டனர். "கட்டுப்பாடு முறிந்துவிட்டது, இனி என்ன" என்ற மனநிலையே இதற்குக் காரணம் எனப் பின்னர் விளக்கப்பட்டது.

ஆகவே பத்தியம் இருப்பவரை "இன்றைக்கு ஒருநாள் தானே, ஒன்று எடுங்கோ" என்று வற்புறுத்துவது ஒரு வடையோடு முடிவதில்லை. தவறி உண்டவரும் மனம் தளர வேண்டியதில்லை. ஒருநாள் செலவு கூடியதற்காக எவரும் ஆண்டுக் கணக்கை மூடிவிடுவதில்லை.

கண் உதவியும் செய்யும்

2010 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், ஒரு கடையின் வாசலில் மெலிந்த உடலுக்கேற்ற உணவுக் குறிப்பு ஒட்டப்பட்டது. அதைக் கண்டு உள்ளே சென்ற உணவுக் கட்டுப்பாட்டாளர்கள் இலவசமாக வைக்கப்பட்ட சிற்றுண்டியைக் குறைவாகவே எடுத்தனர். இழுப்பதும் கண், நினைவூட்டுவதும் கண்.

விரதம் தரும் பாடம்

கந்தசஷ்டி ஆறு நாட்களும் எமது வீடுகளில் பாத்திரங்கள் கழுவப்பட்டு, மச்சம் மாமிசம் வீட்டுக்குள் வராமல் நிறுத்தப்படுகின்றன. விரதகாரரின் கண்ணில் படாதவாறு முழு வீடும் ஒத்துழைக்கின்றது. பத்தியகாரர் மட்டும் தனித்து விடப்படுகின்றார். அவர் முன்னே முறுக்கும் பயற்றம் பணியாரமும் திறந்தபடி இருக்கின்றன. விரதத்துக்குக் காட்டும் மரியாதையைப் பத்தியத்துக்கும் காட்டினால் என்ன?

நாம் செய்யக்கூடியவை

1. பலகாரங்களை ஒளி ஊடுருவாத மூடியுள்ள பாத்திரத்தில், அலுமாரிக்குள் வைப்போம். மேசையில் பழங்களை வைப்போம்.

2. சிறு பங்காகப் பரிமாறுவோம். பெரிய பங்கு வைத்தால் மக்கள் கூடுதலாக உண்பர் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் மீளாய்வு 2015 இல் உறுதிப்படுத்தியது.

3. அன்னதானத்தில் மரக்கறிகளை முதலில் வைத்து, பாயாசத்தைக் கேட்பவர்க்கு மட்டும் கொடுப்போம்.

4. "போதும்" என்ற சொல்லை முதற்தரமே ஏற்போம். பிரசாதம் ஒரு கரண்டியானாலும் பிரசாதமே.

வீட்டில் கலந்துரையாட

எமது சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் உணவு எது? எமது வீட்டில் பத்தியம் இருப்பவர் அதைக் கடந்து ஒருநாளில் எத்தனை தரம் போகிறார்? அதனை இன்றே எங்கே மாற்றி வைக்கலாம்?